அஞ்சாம் மாடி அக்கா

படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரை யார் பார்த்துக்கொள்வார்கள்? மருமகள்தான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நூற்று நாற்பது பேர் ஒரே மூச்சில் முடிவு கட்டிவிட்டார்கள். அதனால்தான் இருபத்திரண்டு வருடம் லேத் பட்டறையில் இரும்பு கடைந்த ஒரு மனிதர், மீசையும் தொந்தியுமாக வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஆறு மாதம் அக்காவாக இருக்க நேர்ந்தது. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அவருக்கு வரவில்லை.

லேத்துக்காரரின் வீடு ஐந்தாவது மாடி. லிஃப்ட் அதன் இஷ்டத்துக்கு ஓடும், இஷ்டத்துக்கு நிற்கும். மனைவி ஒரு பெரிய ஹோட்டலில் சலவைப் பிரிவுக்குப் பொறுப்பாளர். காலை ஆறு மணிக்குப் போனால் மாலை நாலரைக்குத்தான் வீடு. இரண்டு வருடத்துக்கு முன்பு மனைவியின் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பாதிப் பேச்சு எல்லாம் போயிற்று. அதே சமயத்தில் பட்டறையையும் வேறு ஊருக்கு மாற்றினார்கள். முதலாளி கூடவே வரச்சொன்னார். லேத்துக்காரர் ஒரு ராத்திரி யோசித்துவிட்டு, மறுநாள் காலை மனைவியிடம் "நான் வீட்ல இருந்துக்கறேன், நீ வேலையைப் பாரு" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கூட்டம் போடவில்லை.

கூட்டம் போட்டதெல்லாம் வெளியாட்கள்தான். பார்க்க வந்த ஒவ்வொருவரும் "ஐயோ, மாப்பிள்ளைக்கா இந்த நிலைமை" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். கட்டிலில் கிடப்பவரைப் பார்த்து உச்சுக்கொட்டினார்களா என்றால் அதுதான் இல்லை.

மாமியார் ஒரு தடவை நெஞ்சில் சளி கட்டிப் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அங்கே திருப்பிப் படுக்க வைக்க ஆளில்லை. வீட்டுக்கு வரும்போது இடுப்புக்குக் கீழே, வால் எலும்பின் மேல், உள்ளங்கை அளவுக்கு ஒரு படுக்கைப்புண்ணோடு வந்தார். இனிமேல் செத்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்று இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டித் தட்டிச் சொன்னார். வீட்டுக்கு வந்து பார்க்கும் அரசாங்க நர்ஸ் மூன்று வாரத்துக்கு ஒரு தரம்தான் வருவார். நடுவில் என்ன செய்வது என்று தெரியாமல் லேத்துக்காரர் விழித்துக்கொண்டிருந்தபோது, மனைவியோடு வேலை பார்க்கும் ஒருத்தி வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் சேர்ந்திருக்கும் ஒரு குழுவின் இணைப்பைப் போனில் அனுப்பினாள். குழுவின் பெயர் 'படுக்கையோரம்'.

நல்ல குழு. அதில் குறை சொல்ல மாட்டேன். முப்பது வருடம் வார்டில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா நடத்தியது. எல்லோருக்கும் அவர் நர்ஸம்மா. படுத்திருப்பவரை ஒவ்வொரு தரம் திருப்பும்போதும் குழுவில் எழுத வேண்டும் என்பது அங்கே சட்டம். "இடது, ஏழரை." "வலது, ஒன்பதரை." அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை வேண்டாம். யாராவது இரண்டு மணி நேரத்துக்கு மேல் எழுதாவிட்டால் நர்ஸம்மா ஒரே ஒரு கேள்விக்குறி போடுவார். அந்தக் கேள்விக்குறிக்கு நூற்று நாற்பது வீடுகளும் நடுங்கின.

சேரும்போது பெயர் கேட்டது. முன்பின் தெரியாதவர்களிடம் பெயரை எதற்குச் சொல்வது என்று லேத்துக்காரர் 'ஐந்தாம் மாடி' என்று போட்டார். பிறகு எழுதினார்: என் மாமியாருக்குப் படுக்கைப்புண், நான்தான் பார்த்துக்கொள்கிறேன், நீளம் 62 மில்லிமீட்டர், அகலம் 48, ஆழம் தெரியவில்லை, என்ன செய்ய வேண்டும்? ஐந்து நிமிடத்தில் பதினோரு பதில்கள் வந்தன. பதினொன்றிலும் அக்கா இருந்தாள். கவலைப்படாதீங்க அக்கா, நாங்க இருக்கோம் அக்கா, மாமியாரை இவ்ளோ அக்கறையா பாக்கறீங்களே அக்கா.

முதலில் வேறு யாரையோ சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தார். இரண்டு நாள் கழித்து உறைத்தது. உடனே, "நான் அக்கா இல்லைங்க" என்று எழுதினார். அதற்கு, பக்கத்து ஊரில் தையல் வகுப்பு நடத்தும் ஒரு பெண், எல்லோரும் தையல் டீச்சர் என்று கூப்பிடுபவள், சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டு, "வயசக் கூட்டிட்டோம்னு கோவமா? சரி, தங்கச்சின்னு வச்சுக்கறோம்" என்று பதில் போட்டாள். அதற்கு இருபத்தேழு பேர் சிரித்தார்கள். லேத்துக்காரர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மருந்துத் துணியை மாற்றப் போனார். மனிதருக்கு அப்போது புண்தான் பெரிதாக இருந்தது, மீசை அல்ல.

அங்கேயே அழுத்திச் சொல்லியிருக்கலாமே என்று இப்போது யார் வேண்டுமானாலும் கேட்கலாம். உட்கார்ந்த இடத்தில் நியாயம் பேசுவது சுலபம். மாமியாரின் முதுகைத் துடைப்பவர் ஆணா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. உங்க வீட்டுக்காரர் ஒத்தாசை செய்வாரா என்று மட்டும் கேட்டார்கள். அவர் பதில் சொல்வதற்குள் அவர்களே சொல்லிக்கொண்டார்கள்: எங்க செய்வாரு, அவங்கம்மாவ நாமதான் பாக்கணும், அவரு காலை நீட்டி டிவி பாப்பாரு. அப்போது லேத்துக்காரர் தரையில் மண்டியிட்டுச் சிறுநீர்ப் பையைக் காலி செய்துகொண்டிருந்தார். இல்லாத ஒரு புருஷனுக்காக அவருக்குக் காது மடல் சிவந்தது.

வேலையில் மட்டும் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பட்டறையில் நூலிழை பிசகினால் தூக்கி எறிந்துவிடும் கை அல்லவா? கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளைப் புண்ணுக்கு மேல் பிடித்து, பேனாவால் ஓரம் வரைந்து, பிறகு தாளை அளப்பார். வாரா வாரம் ஒரு படமும் கணக்கும் குழுவில் போடுவார். 62, 58, 55. நர்ஸம்மாவே பார்த்துவிட்டு, என் வார்டில் இப்படி ஒருத்தி இருந்ததில்லை என்று எழுதினார். "பொம்பளை கைன்னா சும்மாவா" என்று இன்னொருத்தி எழுதினாள். அதை மனைவியிடம் காட்டினார். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, பிறகு போய்ச் சட்டை மாற்றினாள்.

நாலாவது மாதம் தோள்பட்டையில் புதிதாக ஒரு சிவப்பு கண்டது. சின்னதுதான், கடுகளவு. மறைக்கத் தெரியாத மனிதர் அதையும் எழுதினார். அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டார் பாருங்கள். சொந்த அம்மாவா இருந்தா இப்படி விட்டிருப்பியா என்றாள் ஒருத்தி. மாமியார்தானே, கடமைக்குச் செய்யறது என்றாள் இன்னொருத்தி. லேத்துக்காரருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ராத்திரி இரண்டு முறை அலாரம் வைத்து எழுந்து திருப்பும் ஆளைப் பார்த்து இப்படிக் கேட்பதா என்று மனைவியிடம் பொரிந்து தள்ளினார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, மருமகள்களிடம் காலம் பூராவும் இப்படித்தான் கேட்கிறார்கள், உங்களுக்கு இன்றைக்குத்தான் கேட்டார்கள் என்றாள். அவர் போய் ராத்திரிக்கு அலாரம் வைத்தார்.

தையல் டீச்சர் மட்டும் அன்றைக்குத் தனியாக எழுதினாள். மனசில் வைத்துக்கொள்ளாதே அக்கா என்று தொடங்கி, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். அவளுக்குப் படுக்கையில் கிடப்பது மாமனார். ஒருநாள் அவர் கண்டபடி ஏச, ஆத்திரத்தில் காலையிலிருந்து சாயந்தரம் வரை அவரைத் திருப்பாமலே விட்டுவிட்டாளாம். குழுவில் மட்டும் இடது வலது என்று பொய்யாக எழுதினாளாம். லேத்துக்காரர் நெடுநேரம் யோசித்து, "மறுநாள் திருப்பினீங்கல்ல, போதும்" என்று பதில் எழுதினார். அப்போதாவது அவர் தான் ஆண் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது அவர் தப்புதான், நான் மழுப்ப மாட்டேன்.

ஆறாவது மாதம் புண் 31 மில்லிமீட்டருக்கு வந்து, அங்கேயே நின்றது. ஒரு வாரம் அசையவில்லை. ஒரு புதன்கிழமை காலை துணியைப் பிரித்தபோது ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு, லேசாக ஒரு வாடை. படத்தைப் போட்டதும் நர்ஸம்மா உடனே எழுதினார். இது படத்தில் பார்த்துச் சொல்கிற காரியம் இல்லை, தோலுக்கு அடியில் குழி விழுந்திருந்தால் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் வீட்டிலேயே சமாளிக்கலாம், பதினோரு மணிக்கு வீடியோவில் வாருங்கள், நான் சொல்கிற இடத்தில் அழுத்திக் காட்டுங்கள் என்றார்.

ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டாலே மாமியார் சாப்பாட்டை நிறுத்திவிடுவார். போன தடவை அங்கே வாங்கிவந்ததுதான் இந்தப் புண். இனி ஒரு பன்னிரண்டு நாள் அந்த உடம்பு தாங்குமா என்பது சந்தேகம். நர்ஸம்மா பார்த்தே ஆக வேண்டும். பார்த்தால் கையும் தெரியும், குரலும் தெரியும். நேரில் மாட்டிக்கொள்வதைவிட நாமே சொல்வது மரியாதை என்று லேத்துக்காரர் பத்தரை மணிக்குக் குழுவிலேயே எழுதினார். "நர்ஸம்மா, கூப்பிடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். நான் ஆம்பளை. இவங்க என் மனைவியோட அம்மா. நான் பொய் சொல்லலை, யாரும் கேக்கலை."

அவ்வளவுதான். குழு பற்றிக்கொண்டது.

ஆறு மாதமாகப் பொம்பளைகள் பேச்சை ஒட்டுக்கேட்ட திருடன் என்றார்கள். வயதான ஒரு பெண்ணின் உடம்பைத் தொட இவன் யார் என்றார்கள். இதே கைதான், இதே துணிதான், போன வாரம் வரைக்கும் கையெடுத்துக் கும்பிட்ட அதே கை. இது ஒரு பக்கம் என்றால் இன்னொரு பக்கம் அதைவிடக் கொடுமை. நீங்க மனுஷனே இல்லை தெய்வம், உங்களுக்குக் கோயில் கட்டணும், ஆம்பளையா இருந்துகிட்டு இவ்வளவு செய்றீங்களே என்று பூமாரி பொழிந்தார்கள். சொந்த அம்மாவாக இருந்தால் விட்டிருப்பியா என்று கேட்டவளும் அதில் இருந்தாள். மருமகளாக இருந்தபோது கடமை, மருமகனானதும் தெய்வம். என்ன நியாயம் இது? ஒரே புண், ஒரே ஆள், நடுவில் மாறியது மீசை மட்டும்தான்.

போதாக்குறைக்கு ஒருத்தி கேட்டாள், அந்தம்மா பெத்த பொண்ணு எங்கே போனா, புருஷனை விட்டு அம்மா மலத்தைத் துடைக்க வச்சுட்டு அவ எங்கே ஊர் சுத்தறா என்று. காலை நாலரைக்கு எழுந்து அம்மாவைக் குளிப்பாட்டி, தலை வாரிவிட்டு, பிறகு நூற்றைம்பது அறைகளின் விரிப்புகளை வெளுக்கப் போகிறவளைப் பார்த்து இந்தக் கேள்வி. லேத்துக்காரர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார். மணி பத்து ஐம்பது. நர்ஸம்மா எல்லாவற்றையும் படித்திருந்தார், பதில் இல்லை.

அப்போது தையல் டீச்சர் எழுதினாள். ஏசவும் இல்லை, புகழவும் இல்லை.

"நான் ஒரு பொம்பளைன்னு நெனச்சு உங்ககிட்ட சொன்னதை நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்க. அது போகட்டும், என் தப்பு. இந்தப் படமெல்லாம் போட்டீங்களே, அந்தம்மாவ ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

லேத்துக்காரர் அதைப் படித்தார். தட்டி வைத்திருந்த நாலு கேள்வியையும் அழித்தார். மருமகளிடம் யாராவது இதைக் கேட்டிருப்பார்களா, ஆண் என்பதால்தானே கேட்கிறாள் என்று முதலில் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் கேள்வியிலும் நியாயம் இருந்தது. அவர் கேட்டதே இல்லை. படம் எடுக்கும்போதெல்லாம் "டாக்டருக்கு, அத்தை" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான்.

அவர் எழுந்து உள்ளே போனார். மாமியார் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வாய் கோணியதிலிருந்து வெளியாட்கள் வந்தால் பேசமாட்டார், தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வார். வீட்டுக்குள் மட்டும் பேசுவார், சொல்லுக்குச் சொல் நின்று, மூச்சு வாங்கி. லேத்துக்காரர் கட்டிலைச் சுற்றிப் போய் அவர் முகத்துக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். குழு, அக்கா, படங்கள், ஆஸ்பத்திரி, எல்லாம்.

மாமியார் "எத்தன பேரு?" என்றார்.

"நூத்தி நாப்பது, அத்தை."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணின் ஓரத்திலிருந்து தண்ணீர் வழிந்து தலையணைக்குப் போயிற்று. லேத்துக்காரர் இரண்டு வருடத்தில் அந்த உடம்பின் எல்லா வலியையும் பார்த்திருக்கிறார், இதைப் பார்த்ததில்லை. அவர்கள் என்னை உங்கள் மருமகள் என்று நினைத்துக்கொண்டார்கள், பெண்கள் மட்டும் பார்க்கிற இடம்தான் என்று எதையோ உளறினார்.

மாமியார் கண்ணைத் திறந்தார். கோபத்தில் அவருக்குப் பேச்சு இன்னும் தடுமாறும். ஆனாலும் முழுசாகச் சொன்னார்.

"மருமகளா இருந்தா... என்னைக் கேக்க வேணாமா?"

லேத்துக்காரர் தலை குனிந்தார். மாமியார் விடவில்லை. "பொம்பளைங்க பாத்தா... முதுகு என்னுது இல்லையா? ஆறு மாசம். ஒருத்தியாவது... கேட்டாளா?" மூச்சு வாங்கியது. அவர் தண்ணீர் கொடுக்கப் போனார். இடது கை அதைத் தள்ளிவிட்டது.

"தப்புதான் அத்தை. கேட்டிருக்கணும்."

சரி என்று அவர் சொல்லவில்லை. பரவாயில்லை மாப்பிள்ளை என்றும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. புண்ணில் வாடை இருந்தது. அது இரண்டு பேருக்கும் தெரியும். மாமியாரே, "கூப்பிடு அந்த நர்ஸை. நான் பேசறேன்" என்றார்.

நர்ஸம்மா எடுப்பாரோ மாட்டாரோ என்று இருந்தது. எடுத்தார். திரையில் வெள்ளை முடியும் கண்ணாடியுமாக ஒரு முகம், என்ன பேசலாம் என்று தயாராகாத முகம். லேத்துக்காரர் தன்னைக் காட்டாமல் போனை மாமியாருக்கு நேராகப் பிடித்தார். இரண்டு வயதான பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான்தான் அந்த முதுகு" என்றார் மாமியார்.

நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். உங்களிடம் நான் கேட்டிருக்க வேண்டும் அம்மா, நோயாளியைக் கேட்காமல் துணியை விலக்காதே என்று எத்தனையோ பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான், படம் என்றதும் எனக்கே மறந்துபோயிற்று என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, "இப்ப பாக்கட்டுமாம்மா?" என்று கேட்டார்.

"நீங்க பாருங்க. மத்தவங்க வேணாம்."

லேத்துக்காரர் துணியைப் பிரித்தார். நர்ஸம்மா சொன்ன இடங்களில் எல்லாம், உறை போட்ட விரலால், சொன்ன அளவுக்கு அழுத்தினார். ஓரமாக, கொஞ்சம் மேலே, வெளிச்சத்தைத் திருப்புங்க, விட்டுட்டுக் காட்டுங்க. அழுத்தின இடம் வெளுத்து மறுபடி சிவந்தது. அந்தக் கறுப்புக் கோட்டுக்கு அடியில் குழி இல்லை. நர்ஸம்மா மூச்சை விட்டது போனில் கேட்டது. ஆஸ்பத்திரி வேண்டாம், மருந்தை மாற்ற வேண்டும், நாளைக்குள் டாக்டர் ஒருவரை வீட்டுக்கே வரச்சொல்லி நானே பேசுகிறேன் என்று சொன்னார். அதை லேத்துக்காரரிடம் சொல்லவில்லை, மாமியாரிடம்தான் சொன்னார். குழுவில் உங்களைப் பற்றி என்ன எழுதட்டும் என்று லேத்துக்காரரைக் கேட்டபோது, அவர் ஒன்றும் எழுத வேண்டாம் என்றார். என் மனைவி எங்கே ஊர் சுற்றுகிறாள் என்று கேட்டவளுக்கு மட்டும் நான் பதில் எழுதிக்கொள்கிறேன் என்றார்.

போனை வைத்ததும் மாமியார், "அழி" என்றார். அவர் கண் முன்னாலேயே அழிக்க வேண்டுமாம். லேத்துக்காரர் குழுவைத் திறந்து மேலே மேலே போய், ஆறு மாதத்துக்கு முந்தைய முதல் படத்துக்கு வந்தார். இருபத்தாறு படங்கள். முதலாவதன் மேல் விரலை வைத்து அழிக்கப் போனபோது மாமியார் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"காட்டு."

அவர் காட்டினார். மாமியார் போனை இடது கையில் வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். உள்ளங்கை அளவுக்குச் சிவப்பும் மஞ்சளுமாகத் திறந்து கிடந்தது. நூற்று நாற்பது பேர் பார்த்தார்கள், அளவு பேசினார்கள், பாராட்டினார்கள், ஏசினார்கள். அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"இவ்ளோ பெருசா இருந்துச்சா" என்றார். "எங்கிட்ட யாரும் காட்டவே இல்லையே."